முன்னிறுத்தவஞ்சல்

சலவை இயந்திர நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுத் தலைவருக்கு அலுவலகத்தில் 'அகராதி' என்று பெயர். தன் சொல்லறிவுக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

புகார் எழுதி அனுப்ப ஒவ்வொரு இயந்திரத்தோடும் ஒரு கவர் கொடுப்பார்கள். தபால் செலவு நிறுவனத்துடையது. 'தபால்தலை ஒட்ட வேண்டாம்' என்று மூலையில் அச்சிட்டிருக்கும். அது அகராதியின் கண்ணை உறுத்தியது.

"இது வாக்கியம்மா. எனக்கு வேணுங்கறது சொல்," என்றார், கவரை வடிவமைக்கும் பெண்ணிடம்.

மண்டையைக் குடைந்து ஒன்றைப் பெற்றெடுத்தார்: முன்னிறுத்தவஞ்சல். இறுத்தல் என்றால் செலுத்துதல். ஆக, முன்பே கட்டணம் செலுத்திய அஞ்சல்.

"ஜனங்களுக்குப் புரியுமா சார்?"

"புரியலேன்னா தேடிப் படிக்கட்டும்."

கவர் மூலையில் இருந்த கட்டம் சின்னது. சொல் இரண்டாக முறிந்து, மேலே 'முன்னிறுத்த', கீழே 'வஞ்சல்' என்று உட்கார்ந்தது. பெற்றவருக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து அவருடைய அக்கா போன் செய்தார். தம்பியின் நிறுவனம் என்று ஆசையாக வாங்கிய இயந்திரம், துணியை நனைப்பதைவிடத் தரையைத்தான் அதிகம் நனைத்தது.

"கவர் குடுத்திருப்பாங்களே, எழுதிப் போடலியாக்கா?"

"அதுல என்னமோ வஞ்சனைன்னு போட்டிருந்துச்சுடா. பயந்து குப்பையில போட்டுட்டேன்."

"வஞ்சனை இல்லக்கா, வஞ்சல். முன்னாடியே காசு கட்டியாச்சுன்னு அர்த்தம்."

"யாரு கட்டினது?"

"நாங்கதான்."

"அதை அப்படியே போட்டுத் தொலைக்கிறதுக்கு என்ன கேடு? எந்தப் படுபாவிடா எழுதினான்?"

அகராதி பேச்சை மாற்றி, அத்தானின் முழங்கால் வலியை விசாரித்தார்.

மறுநாள் பொது மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போனது என்றே நினைத்துக்கொண்டு உள்ளே போனார் அகராதி. மேலாளர் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

"தபால்ல வர்ற புகார் அடியோட நின்னு போச்சு. மேலிடத்துல ஒரே சந்தோஷம். உங்களுக்குப் பதவி உயர்வு போட்டாச்சு."

மக்கள் ஏன் எழுதவில்லை என்பது தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அகராதி நினைத்தார். மேலாளரின் சிரிப்பைப் பார்த்ததும் அந்தப் பெருமையும் போயிற்று.

"போன்ல மட்டும் தொல்லை தாங்கல," என்றார் மேலாளர். "'இலவச அழைப்பு எண்'ணுன்னு எவனோ பட்டவர்த்தனமா போட்டு வச்சிருக்கான். அதுக்கும் நல்லதா ஒரு சொல் வேணுமே."

அகராதிக்கு அக்கா வீட்டுத் தரை ஒரு கணம் ஞாபகம் வந்தது.

"சாயங்காலம் தந்துடறேன் சார்," என்றார்.