மூன்றாம் பாடவேளை: பால்

எங்கள் துணைத் தலைமையாசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் அட்டவணை. யாருக்கு எந்த வகுப்பு என்று கட்டம் போடுவது அவர்தான். ஐந்து மாதக் குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, காலியாக இருந்த என் மூன்றாம் பாடவேளையில் இருபது நிமிடம் வேண்டும், வரைபட அறைச் சாவியும் வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். பால் எடுக்கத்தான். அட்டவணை கணக்கு டீச்சர். மூன்று பெற்றவர்.

"நானும்தான் பெத்தேன். மூணும் டப்பா பால்லதான் வளர்ந்துச்சு. ஒண்ணும் கெட்டுப்போகல," என்றார்.

மறுநாளே அந்தப் பாடவேளையில் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவை என் தலையில் கட்டினார். அவர்களுடைய தமிழாசிரியர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். மார்பு கல்லாக இறுக நின்றுகொண்டு நடத்தினேன். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் ஈரம் தெரியாது. ஒருநாள் பின்வரிசையில் ஒருத்தி பார்த்துவிட்டாள். நல்லவள், தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பொடிசுக்கு இருந்த இங்கிதம் அட்டவணைக்கு இல்லை.

வாரத் தொடக்கத்தில் பாடக்குறிப்பு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இலக்கணத்தில் திணை முடிந்திருந்தது. அடுத்தது பால். 'மூன்றாம் பாடவேளை: பால், 20 நிமிடம்' என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த நோட்டில் அந்த வரி சிவப்பு மையில் அடிபட்டிருந்தது. பக்கத்தில், 'இது சொந்த வேலை. பள்ளி நேரத்தில் கூடாது.' கீழே கையெழுத்து, தேதி.

ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று அவரும் ஒருகாலத்தில் ஒப்பித்திருப்பார். ஓடிப்போய் விளக்கியிருக்கலாம். எனக்கென்ன தலையெழுத்தா? பாலை விட்டுவிட்டு எண், இடம் என்று நடத்திக்கொண்டு போனேன். பிள்ளைகள் பாவம் என்று தோன்றியது, தோன்றியதோடு சரி.

தேர்வில் பால் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. வகுப்பே முட்டை வாங்கியது. தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ஏன் நடத்தவில்லை என்று என்னிடம் கேட்டார். நோட்டை விரித்து வைத்தேன்.

"நடத்தக்கூடாதுன்னு டீச்சர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க சார்."

அவர் இரண்டு முறை படித்தார். "டீச்சர், இது இலக்கணம்," என்றார் அட்டவணையிடம். அட்டவணை நோட்டை இழுத்துத் தன் சிவப்பு மையையே மறுபடி படித்தார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

அன்று மாலையே வரைபட அறைச் சாவி கைக்கு வந்தது. மூன்றாம் பாடவேளையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்குள் ஏழு வாரம் போயிருந்தது. குழந்தை டப்பா பாலுக்குப் பழகிவிட்டது. மார்பில் சேர்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இருபது நிமிடம் பிழிந்தாலும் பாட்டிலின் அடி நனைவதில்லை.

தினமும் அட்டவணை வந்து கதவைத் தட்டுகிறார். புவியியல் ஆசிரியருக்கு வரைபடம் வேண்டுமாம்.

"எடுத்தாச்சா டீச்சர்?"

"இன்னும் வருது டீச்சர்," என்கிறேன்.

காலிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி அடிக்கும்வரை தாழ்ப்பாளைத் திறப்பதில்லை.