எலும்பு பிடிக்கும் வரை

செயற்கைப் பல் பொருத்துவதற்காக அத்தையின் தாடையில் இறக்கவேண்டிய டைட்டானியம் திருகாணி குப்பியிலிருந்து சரிந்தபோது, என் கையுறை விரல் அதைத் தடுத்து நிறுத்தியது. அரை விநாடி இருக்கும். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று முன்புதான் அதே விரலால், கிருமி நீக்காத விளக்கின் கைப்பிடியைத் திருப்பியிருந்தேன். திருகாணியின்மேல் நோயாளியின் ரத்தம் தவிர எதுவும் படக்கூடாது என்பது பல் டாக்டரின் உதவியாளருக்கான என் மாலை வகுப்பின் முதல் பாடம். நான் வாய் திறக்கவில்லை. டாக்டர் அதை எடுத்து எலும்புக்குள் முடுக்கினார்.

அன்றிலிருந்து நோட்டில் நாள் எண்ணினேன். பேனா பிடிக்கும்போதும் அந்த விரலை மடக்கியே வைத்திருந்தேன். பதினெட்டாம் நாள் வகுப்பில் ஆசிரியை சொன்னார்: முதலில் திருகாணியைப் பிடித்திருப்பது பழைய எலும்பு. அது மெல்லக் கரையும். புது எலும்பு இழையிழையாக உலோகத்தின்மேல் படர வேண்டும். மூன்றாவது வாரத்தில் பழையது பாதி விட்டிருக்கும், புதியது முழுதாகப் பிடித்திருக்காது. எழுதிக்கொண்டேன். சரியாகத்தான் எழுதினேனா என்று மூன்று முறை பார்த்தேன். இரவெல்லாம் இருட்டில் ஏதோ ஆடுகிற சத்தம்.

மறுநாள் அத்தை வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அன்னைக்கு அந்த ஸ்க்ரூவ நான் கையால தொட்டுட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"ஊசி போட்டது வாய்க்குத்தாண்டி. கண்ணுக்கில்ல."

"அப்ப ஏன் சொல்லல?"

"வாய் நிறைய சாமான வெச்சுக்கிட்டு எங்க பேச? அப்புறம், நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். பத்தொம்பது நாள் ஆக்கிட்ட."

"டாக்டர்கிட்ட சொன்னா வேலை போயிடும் அத்தை."

"சொல்லாட்டி எனக்குத் தாடை போகும். பரவாயில்ல, கஞ்சி குடிச்சுக்கிறேன்." சிரித்தார். சிரிக்கும்போது கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

தினமும் டாக்டரின் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன்.

மூன்றாம் மாத முடிவில் டாக்டர் ஈறைத் திறந்து, வாய்க்கண்ணாடியின் காம்பால் திருகாணியைத் தட்டினார். சதை சூழ்ந்திருந்தால் சத்தம் பொத்தென்று இருக்கும். கணீரென்று கேட்டது. என் விரல் பட்ட இடத்தையும் சேர்த்து எலும்பு மூடியிருந்தது.

"நல்லா பிடிச்சிருக்கு," என்றபடி அத்தையின் சிகிச்சைக் குறிப்பு கார்டை எடுத்தார். "ஸ்க்ரூ போட்ட அன்னைக்கு நீதானம்மா கூட இருந்த? வேற ஏதாவது எழுதணுமா?" எல்லா நோயாளிக்கும் கேட்கிற கேள்விதான்.

திறந்த வாயோடு அத்தை என்னைப் பார்த்தார். என் கையில் உறிஞ்சுகுழாய் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. கீழே அத்தையின் வாயில் எச்சிலும் ரத்தமும் திருகாணியைச் சுற்றி மெல்ல ஏறிக்கொண்டிருந்தன.