பதினான்கு கற்களின் மேல்பக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மா கற்களைக் கழுவியதிலிருந்து வந்தது. கழுவாமல் இருந்திருந்தால் அண்ணனுடைய பெட்டி வந்த மாதிரியே சிங்கப்பூருக்குப் போயிருக்கும். நான் நேரில் பார்க்காத ஒரு கடலைப் பற்றி எழுதவேண்டிய அவசியமும் எனக்கு வந்திருக்காது.

நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வார்த்தை வராது. நோட்டில் அந்தச் சிரமம் இல்லை. இது ஐந்தாவது நோட்டு.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன், ஆழ்கடலின் இருளிலே மெல்ல மெல்ல—" [விட்டுவிட்டேன். வானொலியில் யாரோ பேசுவது போல இருக்கிறது.]

"மலாக்காவின் தெங்கேராக் கரையில் தண்ணீர் வடிந்து, சேறு பளபளத்துக்—" [இது நான் பார்த்த கடல்தான். ஆனால் முழங்கால் ஆழம். இந்தக் கதைக்கு வேண்டிய கடல் இதுவல்ல.]

"மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்கள் காஜா பேராங் சாலையில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. ஆயுத பூசைக்கு முந்தின நாள், தியாகு அண்ணன் ஒரு மரப்பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான்."

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அது நான் கண்ணால் பார்த்தது.

2

அண்ணன் வடக்கே நில ஆய்வுக்காரர்களோடு வேலை செய்கிறான். பாறை உடைப்பான், பெட்டி கட்டுவான், வெள்ளைக்காரத் துரைக்குப் பின்னால் சுமந்து நடப்பான். தற்காலிக வேலைதான். துரை தன் ஊருக்குத் திரும்பப் போகிறார். போவதற்கு முன் அண்ணனை நிரந்தரமாக்கச் சொல்லிக் கடிதம் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் ஒரு காரியம் முடியவேண்டும். ஒரு மலைச்சரிவில் கீழிருந்து மேலாக வரிசையாய் எடுத்த பதினான்கு சுண்ணாம்புக் கற்கள் சிங்கப்பூரில் ஒரு பேராசிரியரிடம் ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும்.

ஒழுங்காக என்பதற்கு ஒரு பொருள் உண்டு. ஒவ்வொரு கல்லிலும் ஓர் எண், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. மலையில் இருந்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கத்தை அம்பு காட்டும். எண்களை எழுதி முடித்ததும் பெயிண்ட் டின் காலி. அம்புகளை அண்ணன் சாக்பீஸால் போட்டுவிட்டான். மலாக்கா வந்ததும் பெயிண்ட் வாங்கி அதன்மேல் இழுத்துவிடலாம் என்று எண்ணம். வந்தவன் பந்து விளையாட்டுப் பார்க்கப் போய்விட்டான்.

அன்று சாப்பிடும்போது அவன் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"இது கரையோரக் கடல் இல்ல, ஆழக்கடல். ஆத்து மண்ணு அவ்வளவு தூரம் வராது. தண்ணிக்கு மேல மெதக்குற பூச்சி மாதிரி ஒண்ணு, ஊசி முனையளவு அதுக்கு ஒரு ஓடு. செத்தா அந்த ஓடு கீழ எறங்கும். அது சேர்ந்துதான் கல்லு."

"ஊசி முனையளவு ஓடு எப்படிண்ணே மலையாகும்?"

"விழுந்துகிட்டே இருந்தா ஆகும். தொரை வெரலைக் காட்டுனாரு. இந்தத் தடிப்புக்கு ஆயிரம் வருசமாம். எனக்கு நம்பிக்கையில்ல. நீ நம்புவியே, நீதான் எதைச் சொன்னாலும் நம்புவ."

"ஆயிரம் வருசம் இருக்கட்டும்டா," என்றாள் அம்மா. "கொழம்பு ஆறுது."

நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். எனக்கு அதில் பிடித்தது ஆயிரம் வருடம் என்ற கணக்கு அல்ல. அங்கே பார்க்க யாரும் இல்லை. காற்று இல்லை, அலை இல்லை, வெளிச்சம் இல்லை. ஓர் ஓடு இறங்குகிறது. அது தரையைத் தொடும் சத்தம் கேட்க ஒரு மீன்கூடப் பக்கத்தில் இல்லாமல் இருக்கலாம். மறுபடி ஒன்று. அவசரப்படுத்த ஆள் இல்லாத இடத்தில் ஒரு வேலை இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.*

* இன்னும் ஆழமான இடங்களில் ஓடுகள் தரைக்கு வந்து சேரும் முன்பே கரைந்துவிடுமாம். அங்கே சுண்ணாம்புக்கல்லே கிடையாதாம். ஆக நம்முடைய கடல் ஆழம்தான், ஆனால் ஓடு கரைந்துபோகும் அளவுக்கு ஆழம் இல்லை. இதை அண்ணன் பல் குத்திக்கொண்டே சொன்னான். இவ்வளவு பெரிய செய்தியைப் பல் குத்திக்கொண்டு சொல்ல அவனால்தான் முடியும்.

எல்லாமே மெதுவாக நடந்ததும் இல்லை. கடலின் மேட்டு ஓரத்தில், ஆழமில்லாத இடத்தில், உடைந்த சிப்பியும் பவளமும் குவிந்துகிடக்கும். ஒரு நாள் அந்தக் குவியல் சரியும். "லோரியில கல்லு கொட்டுற மாதிரி" என்றான் அண்ணன். கலங்கல் தண்ணீராக ஆழத்துக்குப் பாய்ந்து வந்து, மெல்லிய சேற்றின்மேல் ஒரே பொழுதில் ஒரு சாண் உயரத்துக்குப் படிந்துவிடுமாம். பிறகு மறுபடியும் அமைதி. மறுபடியும் ஊசி முனைகள்.

3

அம்மாவைப் பற்றி இரண்டு முறை எழுதிக் கோடு போட்டு அடித்தேன். முதல் முறை அவள் வேடிக்கையான ஆளாக வந்துவிட்டாள். இரண்டாம் முறை ஒன்றும் அறியாத பாவமாக வந்தாள். என் அம்மா சாரதாம்பாள் இரண்டும் இல்லை. பூசையன்று காலை அவள் செய்ததில் ஒரு குறையும் கிடையாது. தையல் மிஷினைத் துடைத்தாள். அரிவாள்மணையைக் கழுவினாள். அண்ணனின் சுத்தியலுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். பிறகு பெட்டியைத் திறந்தாள்.

பக்கத்து வீட்டு ருக்மணி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"என்னக்கா, கல்லையெல்லாம் தேங்காநார் போட்டுத் தேய்க்கிறீங்க? கோயில் கட்டப் போறீங்களா?"

"தியாகு பொழப்பே இதுலதானே ஓடுது. சுத்தியலுக்கு மட்டும் பொட்டு வச்சா கல்லு கோவிச்சுக்காதா?"

"அது சரி. எங்க வீட்டுக்காரருக்கு லோரிதான் பொழப்பு. அதையும் தூக்கியாந்து உங்க சாமி மேடையில வச்சிரட்டுமா?"

"கழுவிக் கொண்டாங்க, வைக்கிறேன்."

[இந்த இடத்தில் நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோடுகள் கரைந்து ஓடியதைப் பார்த்தேன். பாதையில் ஒட்டிய சுண்ணாம்பு என்று நினைத்தேன். கதையில் என்னை வேறெங்காவது நிறுத்திவைக்க ஆசையாக இருந்தது. நிறுத்தவில்லை.]

அண்ணன் பெயிண்ட் டின்னோடு வந்தபோது சாமி மேடையில் கற்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் பொட்டு. எண்கள் பத்திரமாக இருந்தன. ஒரு அம்புகூட இல்லை.

அவன் அம்மாவைத் திட்டவில்லை. கற்பூரம் காட்டும்வரை கைகூப்பி நின்றான். பிறகு கிணற்றடிக்கு வந்து குந்திக்கொண்டான்.

"போச்சு. நாளைக்குக் காலையில பஸ்ஸு. தலைகீழாப் புடிச்சுப் படிச்சா, பின்னால வந்ததை முன்னால வந்ததும்பாங்க. கடலையே கவுத்துப்போட்ட மாதிரி. தொரை கடுதாசியும் போச்சு."

"அம்மாகிட்ட—"

"அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா இந்த வீட்டுல இனிமே பூசையே நடக்காது."

4

இங்கே ஒரு கல்லை உங்களுக்கு அறிமுகப்படுத்தவேண்டும். பதினொன்றாம் எண். அண்ணன் அதை எனக்குக் காட்டுவதற்காகச் சட்டையில் சுற்றித் தன் பையில் வைத்திருந்தான். அதனால் அது கழுவப்படவில்லை. அதன் சாக்பீஸ் அம்பு அப்படியே இருந்தது.

அம்மா கழுவியதில் ஒரு நன்மையும் இருந்தது. துரை எல்லாக் கற்களையும் ஒரு பக்கம் அறுத்து வைத்திருந்தார். அறுத்த பக்கம் தூசி படிந்திருந்தபோது வெறும் சாம்பல் நிறம். ஈரத்தில் பார்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. பதினொன்றின் அறுத்த பக்கத்தை மட்டும் நனைத்துப் பார்த்தேன். அம்பின் அடியில் உடைந்த சிப்பித் துண்டுகள், அரிசிக் குருணை மாதிரி. மேலே போகப் போக அதைவிடப் பொடியான நொய். அம்பின் முனையில் மாவு.

அடுப்படிக்குப் போய் ஒரு ஜாம் போத்தலில் குருணையும் நொய்யும் அரிசி மாவும் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன்.

"பூசை நாளும் அதுவுமா மாவை வீணாக்குறா பாரு," என்றாள் அம்மா.

முதலில் குருணை இறங்கியது. அதன்மேல் நொய். மாவு மட்டும் இறங்க மனமில்லாமல் வெகுநேரம் கலங்கி நின்று, கடைசியில் மேலே வெள்ளையாகப் படிந்தது. சரிந்து வந்த சேறும் இப்படித்தான் படிந்திருக்கும். கனமானது முதலில், மெல்லியது கடைசியில். போத்தலும் பதினொன்றாம் கல்லும் ஒரே விஷயத்தைச் சொல்லின.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் போத்தலைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நாலு மாசமா கல்லை நான்தான் தூக்குறேன்," என்றான். "எனக்குத் தோணலையே."

சாயங்காலத்துக்குள் ஒன்பது கற்களுக்கு அம்பு போட்டோம். பத்தாவதாக எடுத்த நான்காம் எண் கல்லில் குருணை இல்லை. ஆனால் பாக்களவு ஒரு சிப்பி குறுக்கே அறுபட்டிருந்தது. அதன் வயிற்றில் பாதிவரை சாம்பல் சேறு, மீதிப் பாதியில் வெள்ளைப் படிகம். கிண்ணத்தில் கஞ்சி நிற்பது போலச் சேறு மட்டமாக நின்றிருந்தது. வெறுமையாக இருந்த பாதிதான் பின்னால் படிகத்தால் நிரம்பியது, அதுதான் மேல்பக்கம். ஒரு சின்னச் சிப்பி, இத்தனை காலம் கழித்தும், தன் கடலின் மட்டத்தைச் சாயாமல் வைத்திருந்தது. அண்ணன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

5

ஆறு, ஏழு, பதின்மூன்று. இந்த மூன்றிலும் எதுவும் இல்லை. முழுக்க மாவு. சரிவு வராத காலத்தில் ஊசி முனைகள் மட்டுமே விழுந்து உண்டான கற்கள். நான் மிகவும் வியந்த அந்தப் பொறுமையான வேலைதான் எந்தப் பக்கம் மேலே என்று சொல்ல மறுத்தது.

"போட்டுடு," என்றான் அண்ணன். "ரெண்டுல ஒண்ணுதானே. பாதி சரியா வந்துரும்."

"மூணுல ஏதுண்ணே பாதி?"

"வெளையாடாத. ஆளில்லாத மலையில நான் தூக்கிச் சுமந்தது. இந்த வேலை போனா, உன் நோட்டா சோறு போடும்?"

நோட்டைப் பற்றி நான் அவனிடம் சொன்னதே இல்லை.

"அரிசி டின்னுக்குப் பின்னால வச்சிருக்கியே," என்றான், குரலை இறக்கி. "படிக்கல. பார்த்தேன். அவ்வளவுதான்."

நான் உள்ளே போய் நான்காவது நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். அம்புகள் எப்படி அழிந்தன, பதினொன்றில் இருப்பது மட்டும் மலையில் போட்டது, மற்ற பத்துக் கற்களுக்கு நான் எதைப் பார்த்து மறுபடி போட்டேன். கடைசி வரி: "ஆறு, ஏழு, பதின்மூன்று ஆகிய மூன்றுக்கும் மேல்பக்கம் எங்களுக்குத் தெரியாது."

அண்ணன் வாசித்தான். நான் எழுதியதை இன்னொருவர் வாசித்தது அதுதான் முதல் தடவை. காது சுட்டது.

"அந்தப் பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது."

"நீ படிச்சுச் சொல்லு."

"என் வாயாலயே என் வேலைக்கு உலை வைக்கச் சொல்ற."

மறுநாள் காலை பசியாறிவிட்டுக் கிளம்பினான். தாள் சட்டைப் பையில் இருந்தது. மூன்று கற்களும் அம்பில்லாமல் பெட்டியில் இருந்தன. மீதிப் பெயிண்ட்டையும் கையோடு எடுத்துப்போனான்.

6

பத்து நாளில் ஓர் அஞ்சலட்டை வந்தது. "பெட்டி சேர்ந்தது. வேலை நிரந்தரம். தீபாவளிக்கு வருகிறேன்." அம்மா அதைச் சாமி மேடையில் வைத்தாள். தாளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) அண்ணன் தாளைத் திக்கித் திணறிப் படித்துச் சொல்கிறான். பேராசிரியர் போத்தல் கதையைக் கேட்டுச் சிரித்து, கைகொடுத்து— [நல்ல முடிவு. நானே விரும்பி எழுதியது என்பதால் சந்தேகமாக இருக்கிறது.]

(ஆ) சிங்கப்பூர் போகும் வழியில், மூவார் ஆற்றுப் படகுத்துறையில் பஸ் காத்துக்கிடக்கும்போது அண்ணன் பெட்டியைத் திறக்கிறான். மூன்று கற்களுக்கும் தோன்றியபடி அம்பு போடுகிறான். தாள் ஆற்றில். [இதை எழுதியபோது அவன்மேல் கோபம் வரவில்லை. அது எனக்கே ஆச்சரியம். ஆனால் எங்கோ ஓர் அலமாரியில் மூன்று துண்டுக் கடல் தலைகீழாக இருக்கும். அதைத் திருப்பி வைக்க யாருக்கும் தெரியாது.]

(இ) மூன்று கற்களைக் காணவில்லை என்று சொல்லிவிட்டான்—

மூன்றுமே நடந்திருக்கக்கூடியவை. எதையும் நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. தெரியாத இடத்தில் அம்பு போடக்கூடாது என்று அவனிடம் சொன்னவள் நான்.

[இப்போது வாசலில் சைக்கிள் மணி. அம்மா, "எளைச்சுப் போயிட்டியேடா" என்கிறாள். தீபாவளிக்கு அண்ணன் வந்துவிட்டான். தாள் என்ன ஆயிற்று என்று வாயால் கேட்க எனக்கு வராது.]

இதுவரை வாசித்த உங்களிடம் ஒரு மன்னிப்பு. உங்களுக்கு முன்னால் இந்த நோட்டை இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

அண்ணே, இந்தத் தடவை படி. எல்லாவற்றையும் படி. தப்பாக எழுதியிருந்தால் அடித்துவிடு. அடுத்த பக்கத்தை உனக்காக விட்டிருக்கிறேன், பென்சிலும் உள்ளே இருக்கிறது. என்ன நடந்ததோ அதை எழுது. எதுவானாலும் நீ என் அண்ணன்தான். எழுத மனம் வராவிட்டால் வெறும் பக்கமாகவே திருப்பிக் கொடு. இல்லாததை மட்டும் எழுதாதே.