ஐந்தாவது பட்டறை

பல் செட் செய்யும் கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு வயலின் செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. நான்கு பட்டறைகளில் கேட்டுப் பார்த்தாள். நாற்பத்தொரு வயதிலா என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது பட்டறைக்காரி அவளைவிடப் பத்து வயது சின்னவள்.

"ஆள் தேவையில்லக்கா," என்றாள் நிமிராமலே. தந்திகளைத் தாங்கும் மரக்குதிரையின் கால்களை ராவிக்கொண்டிருந்தாள். வயலின்மேல் வைத்தால் அது ஆடியது. மறுபடி ராவினாள், மறுபடியும் ஆடியது.

பார்த்துக்கொண்டு சும்மா நிற்க இவளால் முடியவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்தாள். "பல்லு எங்க இடிக்குதுன்னு பாக்கற மைத்தாள் இது. வயலின்மேல விரி, மைப் பக்கம் மேல இருக்கட்டும். குதிரைய வச்சு லேசா அசைச்சுப் பாரும்மா."

மை ஒட்டிய மேடுகளை மட்டும் பட்டறைக்காரி ராவியெடுத்ததும் குதிரை சிக்கென்று உட்கார்ந்தது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சனிக்கிழமை உங்களுக்கு லீவாக்கா? அப்ப அன்னைக்கு வாங்க, கத்துத் தர்றேன்."

வெளியே வந்த கையோடு கணவனுக்குப் போன் போட்டாள். "சேத்துக்கிட்டாங்க. இனிமே சனிக்கிழமை வீட்டு வேலையெல்லாம் நீங்கதான்."

"துணி துவைக்கணுமா?"

"மடிச்சும் வைக்கணும்," என்றாள். பேச்சு சுவாரசியத்தில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் நடந்துவிட்டிருந்தாள்.