யாரும் நிற்காத கடை

சுப்பராயலு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேரப் போவதாகக் காந்திமதி சொன்னதும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாம்பரத்துல வேற கடையே இல்லியா? அங்க யாரும் நிக்க மாட்டாங்களே!"

காந்திமதிக்கு அது புதிதல்ல. கோவிலம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வரை, துணிக்கடை வேலை தேடும் பெண்களெல்லாம் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். போய்ச் சேருகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்துவிடுவார்களாம். ஏன் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்களாம். ஆனால் குவைத்துக்குப் போன புருஷனிடமிருந்து தகவலே இல்லை. மற்ற கடைகளோ கையை விரித்துவிட்டன. அவளுக்கு வேறு வழியில்லை.

முதலாளி சுப்பராயலு நிலத்தை விற்றுக் கடை கட்டியவர்.

"மாடில பட்டு செக்ஷன். வர்றவளுங்க எவளும் நிக்க மாட்டேன்றாளுங்க. ஊரே ஒரு மாதிரி பேசுது. நீயாச்சும் இரும்மா," என்றார். "ரூல் ஒண்ணுதான். கஸ்டமர் இருந்தாலும் இல்லாட்டியும் உக்காரக் கூடாது."

மதியம் மாடியில் அவள் மட்டும் இருந்தாள். கரண்ட் போய், ஃபேன் மெல்லச் சுற்றி ஓய்ந்தது. முதுகுக்குப் பின்னால், களைத்துப்போன ஒரு பெண்குரல்.

"அக்கா, நான் கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

திரும்பினாள். புடவை அடுக்குகள்தான் இருந்தன.

மறுநாளும் அதே குரல், இந்த முறை காதோரமாக. கழுத்தில் சூடான மூச்சு பட்டது, காய்ச்சல்காரியின் மூச்சுபோல. காந்திமதி படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

பில் போடும் தசரதன் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"கேட்டுச்சா? எல்லம்மான்னு ஒரு பொண்ணுக்கா. தீபாவளி கூட்டம். ஒடம்பு அனலா கொதிக்குது. கொஞ்சம் உக்காந்துக்கட்டுமான்னு மொதலாளிய கேட்டுகினே இருந்துச்சு. அவரு காதுலயே வாங்கல. கடை சாத்தற நேரத்துல அப்டியே சாஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உயிர் பூட்ச்சு. நெஞ்சு வலின்னு சொல்லி மொதலாளி விஷயத்தயே மூடிட்டாரு."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"பில்லு போட்டுகினு இருந்தேன்," என்று தசரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

பையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். காந்திமதி போகவில்லை. மேல் தட்டுப் புடவைகளை எடுக்க ஏறி நிற்பதற்காக வைத்திருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காத்திருந்தாள். குரல் வந்தது.

"உக்காரும்மா," என்றாள்.

ஸ்டூல் கிரீச்சிட்டது. யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து சுப்பராயலு மாடியேறி வந்தார். "ஸ்டூல் யாருக்கு?"

"எல்லம்மாவுக்கு, சார்."

அவர் முகம் கறுத்தது. போய் ஸ்டூலைப் பிடித்து இழுத்தார். அது நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், ஆள் உட்கார்ந்திருக்கிற கனம். பிறகு அவர் காதிலும் விழுந்தது.

"சார்..."

கையை எடுத்துவிட்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

மறுநாள் கீழே ஒவ்வொரு கவுண்டருக்கும் புது ஸ்டூல் வந்தது. எங்கள் கடையில் பெண்கள் உட்காரலாம் என்று சுப்பராயலு தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினார். ஊர்ப்பேச்சு அசையவில்லை. வேலைக்கு யாரும் வரவில்லை. ரொம்ப நாள் கழித்து சாவித்ரி என்ற பெண் ஒருத்தி வந்தாள். அவளை மாடியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். காந்திமதி அப்போது கீழேதான் இருந்தாள். போன வேகத்தில் திரும்பினாள். முகத்தில் பயம் ஒன்றும் இல்லை.

"மேல ஒரு அக்கா உக்காந்துகினு கீறாங்களே சார். ஒடம்பு சரியில்ல போல. அவங்க வேலைய நான் புடுங்கிக்க மாட்டேன்."

சுப்பராயலு பொங்கலுக்குள் கடையைக் கைமாற்றிவிட முடிவு செய்தார்.

கடைசி நாள், காந்திமதி தன் டிபன் பாக்ஸை எடுக்க மாடிக்குப் போனாள். கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. இருந்தாலும் ஸ்டூல் பக்கம் போகாமல் சுவரோரமாகவே நடந்தாள், தூங்குகிறவர்களைத் தாண்டிப் போகிற மாதிரி, சத்தம் காட்டாமல்.