டெனிசன் நினைவுக் கோப்பை

என் கணவர் ஜெபர்சன் வீட்டில் எல்லோரும் உயரம். விரல்கள் முருங்கைக்காய் போல நீளம். கர்த்தர் கொடுத்த வரம் என்று மாமியார் ரோஸி சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதே வரம் வாங்கிய மூத்த மகன் டெனிசன், மூன்று வருடத்துக்கு முன்பு வாலிபால் ஆடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவேயில்லை. கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்று முடித்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? வருடா வருடம் அவர் நினைவாக வாலிபால் போட்டி. முன்வரிசையில் ஆடுவது அதே உயரமுள்ள தம்பி, என் கணவர். மூளை என்றால் இதுவல்லவா மூளை!

நான் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். ஒரு பீஸில் விரிசல் தெரிந்தால் மொத்த பேட்சையும் நிறுத்திச் சோதிப்போம். வீட்டில் அதைச் சொன்னால் எனக்கு வாய் நீளமாம்.

இந்த வருடம் நான் உண்டானேன். குடும்பக் கதையைக் கேட்ட டாக்டரம்மாவின் முகம் மாறியது. உடம்பின் இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் பரம்பரை நோயாக இருக்கலாம், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயே கிழிந்துவிடும் என்றார். ஜெபர்சனுக்கு அது இருந்தால் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கருவை இப்போதே சோதிக்கலாம், ஆனால் முதலில் அப்பாவின் ரத்தமும் இதய ஸ்கேனும் வேண்டும். எல்லாம் பத்து வருடத்துக்கு மேலாகவே இங்கே இருக்கும் சோதனைகள்தானாம்.

ஐயாவுக்கு நேரம் ஏது? ஷிப்ட், ஓ.டி., போட்டிக்குப் பிராக்டிஸ். மாமியாரோ நான் பிள்ளையைக் கலைக்கத்தான் டெஸ்ட் கேட்கிறேன் என்று சபையில் ஜெபக் குறிப்பே கொடுத்துவிட்டார். என் மனம் திரும்ப ஊரே முழங்காலிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பரிசு குடுக்கசொல்ல மைக் வெப்பாங்க இல்ல? உங்க அண்ணன் ஏன் செத்தார்னு நானே ஏறி சொல்றேன்" என்றேன் ஜெபர்சனிடம். மறுநாளே கூட வந்தார்.

அவருடைய அந்தப் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. மாத்திரை கொடுத்தார்கள், பந்தைத் தொடக்கூடாது என்றார்கள். ரத்த முடிவு வந்ததும் கருவையும் சோதித்தார்கள். பிள்ளைக்கு அது இல்லை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். எல்லாம் ஜெபத்தின் பலன் என்று மாமியார் சபையில் சாட்சி சொன்னார். சொல்லட்டும்.

டெனிசன் நினைவு நாளில் இந்த முறை வலை கட்டவில்லை. மாமியார் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"டெனிசன் உயிரோட இருக்கசொல்லவே இந்த டெஸ்ட்டெல்லாம் இருந்துச்சா லிடியா?"

மனதில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்பவள் என்றுதான் எனக்குப் பெயர்.

"இல்ல அத்தே. இப்பதான் வந்துச்சு."

அவர் தலையாட்டிவிட்டு, முந்தானையால் கோப்பையைத் துடைக்க ஆரம்பித்தார்.