சலூன்காரர் முகத்தில் பன்னிரண்டு சுற்று

பெரிய குத்துச்சண்டைக்குப் பதினோரு நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதன் முதல் சுற்றின் அடி சலூன்காரரின் கன்னத்தில் விழுந்தது. அடித்தவர் யாருமில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கன்னம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது, அவ்வளவுதான், வலிகூட இல்லை. மறுநாள் இன்னொன்று. நாளுக்கு ஓர் அடி, அடிக்கு ஒரு சுற்று என்பதை மூன்றாம் நாள் தபால்காரர் கண்டுபிடித்தார். அதன்பின் பத்திரிகைக் கணிப்புகளை யாரும் சீண்டவில்லை. காலை ஏழு மணிக்கே சலூன் பெஞ்சு நிரம்பியது. அந்த வாரத்தில் வழுக்கைத் தலையர் ஒருவர் மட்டும் மூன்று முறை முடிவெட்டிக்கொண்டார்.

மோதவிருந்தவர்களில் ஒருவன் வலக்கையன், மற்றவன் இடக்கையன். எதிரே நிற்பவனின் வலது கை நம் இடது கன்னத்தில் விழும், இடது கை வலது கன்னத்தில். ஆகவே வலது கன்னம் வீங்கினால் அது இடக்கையனின் சுற்று. “கன்னம் என்னுது, கணக்கு உங்களுது” என்று சலூன்காரர் பெஞ்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரியை ஓட்டுவார். பெஞ்சிலிருந்தவர்கள் எதிர்ச்சுவரின் பெரிய கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். தபால்காரர் அதன் ஓரத்தில் சோப்பால் கோடு போடுவார். சண்டைக்கு முந்தின நாளான வெள்ளிக்கிழமை முடிவில் இடக்கையன் ஏழு, வலக்கையன் நான்கு.

சலூன்காரர் இடக்கையன் கட்சி. அவர் மனைவியின் அண்ணன், எதிர்க்கடைத் தையற்காரர், வலக்கையன் கட்சி. தோற்ற கட்சிக்காரர் மீசையை எடுத்துவிட வேண்டும் என்று இருவருக்கும் பந்தயம். தையற்காரருடையது சாதாரண மீசை. சலூன்காரருடையதோ உதட்டையே மூடிக் கிடக்கும் இருபத்தாறு வருட மீசை. பெயர்ப்பலகை இல்லாத கடைக்கு அதுதான் பெயர்ப்பலகை.

சனிக்கிழமை, சண்டை நாள் காலையில், முகத்தில் புது அடி எதுவும் இல்லை. “கடைசிச் சுற்றுல ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுட்டே நிப்பானுங்க” என்றார் வழுக்கையர். “என்ன மச்சான், நுரை போடட்டுமா?” என்று சலூன்காரர் தையற்காரரைப் பார்த்துக் கொக்கரித்தார். அப்போதுதான் அவர் மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியோடு மனைவி வந்தாள். சோப்புக் கோடுகளைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள்.

“எல்லாரும் எதைப் பார்த்து எண்ணுனீங்க?”

“முகத்தைத்தாம்மா.”

“முகம் இந்தப் பக்கம்ல இருக்கு! நீங்க பார்த்தது கண்ணாடியை. தினமும் தைலம் தடவுறவ நான். இடது கன்னத்துல ஏழு, வலதுல நாலு.”

பெஞ்சு மொத்தமும் தபால்காரர் பக்கம் திரும்பியது. “தபால்காரரே, என் கடுதாசியெல்லாம் எதிர்வீட்டுக்கு ஏன் போகுதுன்னு இப்பதான் புரியுது” என்று தையற்காரர் குதித்தார். “சாயங்காலம் வரைக்கும் எதுக்கு மாப்பிள்ளை? இப்பவே எடுத்துருங்க.”

சலூன்காரர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், கத்தியைத் தீட்டினார், தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். மீசை தரையில் விழுந்தபோது மேலுதட்டின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓர் அடி தெரிந்தது. மற்ற பதினொன்றையும் சேர்த்தாலும் அவ்வளவு கறுப்பு வராது. இம்முறை யாரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மனைவி நேரே வந்து நின்று, அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“வலது பக்கம்” என்றாள்.

“இது வெறும் சுற்று இல்ல, நாக் அவுட்டு!” என்று வழுக்கையர் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார். தையற்காரரின் கை தானாகத் தன் மீசைக்குப் போனது.

சாயங்காலம் சலூன் டிவியில் அப்படியே நடந்தது. பதினோரு சுற்றும் முகத்தில் இருந்தபடி ஓடின. பன்னிரண்டாவதில் இடக்கையனின் இடது கை உயர்ந்ததும் தெருவே எழுந்து நின்றது. நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் தையற்காரர் நாற்காலியில் உட்கார்ந்து துண்டைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் சலூன்காரரின் முகம் தெளிந்துவிட்டது. அடுத்த சண்டை மூன்று மாதத்தில் வருகிறது. பெஞ்சு இப்போது கண்ணாடிக்கு அடியில், அவரைப் பார்த்தபடி கிடக்கிறது. முடிவெட்டிக்கொள்பவரின் முழங்கால் எல்லோரையும் இடிக்கிறது, யாரும் குறை சொல்வதில்லை. சோப்பு மனைவியின் கையில். தையற்காரர் மீசையை மறுபடி வளர்த்துவிட்டார். அவர் முகத்தில் ஒன்றும் விழுவதில்லை. சலூன்காரர் மட்டும் தினமும் மழித்துக்கொள்கிறார், ஒரு சுற்றை ஊரிடமிருந்து மறைப்பது சரியில்லை என்று.